தோணிகல முதல் கற்பிட்டி வரை: எந்தக் கல்லுக்கு எந்த முறை?

காலையில் ஆனமடுவப் பக்கம் தோணிகலவில் இளஞ்சிவப்புக் கிரனைட்டை உடைக்கிறீர்கள். மாலையில் கற்பிட்டிக் கரையில் ஒரு சிப்பி பொறுக்குகிறீர்கள். இரண்டையும் ஒரே சோதனைக்கு அனுப்பினால் ஒன்றுக்கான காசு வீண். எந்த நிகழ்வின் வயது வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்: பாறைக்குழம்பு உறைந்ததா, சூடு ஆறியதா, மணல் புதைந்ததா, உயிர் செத்ததா?

கிரனைட் பிறந்த காலம்தான் வேண்டுமென்றால் அதிலுள்ள சிர்க்கோன் மணிகளைப் பிரித்து யுரேனியம்–ஈயம் முறைக்குக் கொடுங்கள். உருவாகும்போது சிர்க்கோன் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை அண்டவிடாது. பின்னர் யுரேனியம் சிதைந்து உள்ளே தேங்கும் ஈயத்தை 900 பாகைச் சூட்டிலும் இலேசில் விடாது. யுரேனியம் 238, 235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும். செலவு கூடத்தான், நானென்றால் இதையே எடுப்பேன். அதே பாறையின் கறுப்பு மைக்காவைப் பொற்றாசியம்–ஆகன் முறையில் அளந்தால் வயது குறைந்து வரலாம். அது பிழையல்ல. சுமார் 300 பாகைக்குக் கீழே ஆறிய பிறகே மைக்கா, பொற்றாசியம் சிதைந்து வரும் ஆகன் வாயுவைப் பிடித்துவைக்கிறது. அது சொல்வது ஆறிய கதை.

வாயு ஒழுகும் என்பதற்கு நம் தீவிலேயே சாட்சி உண்டு. ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்து 1904இல் அறியப்பட்ட கனிமம் தோரியனைற்று. காலியிலிருந்து போன ஒரு துண்டில் சிதைவால் சேர்ந்த ஈலிய வாயுவை அளந்த இங்கிலாந்து இயற்பியலாளர் ஸ்ட்ரட், 1910இல் குறைந்தது 28 கோடி ஆண்டு என்றார். 'குறைந்தது' என்றது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! ஆய்வுகூடங்கள் தம் கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் எம்257 என்ற இலங்கைச் சிர்க்கோனின் வயது 56 கோடி ஆண்டு, அதாவது ஈலியம் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு.

அருவக்காலுச் சுண்ணாம்புக்கல்லுக்குக் காபன் முறை கேட்காதீர்கள். அது பல பத்து லட்சம் ஆண்டு பழைய மயோசீன் காலத்துக் கல். 5,730 ஆண்டு அரைவாழ்வுள்ள காபன்-14 சுமார் 50,000 ஆண்டோடு கைவிரித்துவிடும். யுரேனியம்–தோரியம் முறையும் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டு வரைதான். அங்கே உயிர்ச்சுவடுகளையே நம்புங்கள்.

அந்தக் கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணுக்கு ஒளிர்வு முறை. குவாட்சு மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அது சொல்லும். குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி எடுங்கள். கொஞ்ச நேர வெயிலே கணக்கை அழித்துவிடும். புதைந்தபின் மணல் ஆண்டுதோறும் வாங்கிய கதிர்வீச்சைக் கொண்டே வயது கணக்கிடப்படும்; அதை அளக்கச் சுற்றியுள்ள மண்ணிலும் ஒரு பை வேண்டும்.

சிப்பிக்குக் காபன்தான். ஆனால் கடல்நீரின் பழைய காபன் சில நூறு ஆண்டுகளைக் கூட்டிக் காட்டும், அதைக் கழிக்கவேண்டும். அலை பழைய ஓட்டையும் புதிய மணலில் கொண்டுவந்து போடும். இரண்டு ஓடும் பிரியாமல் கிடப்பதாகப் பார்த்து எடுங்கள்.