கோளாறு மலையிலா, சேலத்திலா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கணினிகளுக்கு வேண்டிய மென்பொருள்களை இறக்க, பைதானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தை வைத்து ஒரு டவுன்லோடர் எழுதினேன். எங்களுக்கு இணையம் சேலம் தலைமை அலுவலகத்தின் ப்ராக்ஸி வழியாக வருகிறது. பிரௌசர் நன்றாக ஓடுகிறது. டவுன்லோடர் மட்டும் ‘இணைப்பு தோல்வி’ என்கிறது. மழையில் லைன் அறுந்தாலும் அதே செய்திதான். எப்படிச் சரிசெய்வது?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பல அலுவலகங்களில் பிரௌசர் தன் ப்ராக்ஸி முகவரியை ‘பேக்’ என்ற அமைப்புக் கோப்பிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். ரிக்வெஸ்ட்ஸ் அந்தக் கோப்பைப் படிக்காது. ஆகவே முகவரி, போர்ட், பயனர்பெயர், பாஸ்வேர்டு நான்கையும் சேலத்தில் கேட்டு வாங்கி, நீங்களே கொடுங்கள். பாஸ்வேர்டில் ‘@’ இருந்தால் ‘%40’ என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகவரி பாதியில் முறியக்கூடும்.

அடுத்தது பிழைச்செய்தி. ரிக்வெஸ்ட்ஸில் ‘ப்ராக்ஸிஎர்ரர்’, ‘எஸ்எஸ்எல்எர்ரர்’, ‘கனெக்ட்டைம்அவுட்’ மூன்றுமே ‘கனெக்‌ஷன்எர்ரர்’ வகைக்குள் அடங்கியவை. அந்தப் பொதுவான எர்ரரை முதலில் பிடித்தால், எது நடந்தாலும் ஒரே செய்திதான் வரும். குறிப்பானவற்றை முன்னால் பிடியுங்கள். பொதுவானது கடைசியில் வரட்டும்.

ப்ராக்ஸிஎர்ரர் வந்தால் அதன் உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். ‘ஹெச்டிடிபிஎஸ்’ தளங்களுக்கு 407 தனிப் பதிலாக வராது, இந்த எர்ரருக்குள்தான் வரும். 407 என்றால் பாஸ்வேர்டை ப்ராக்ஸி ஏற்கவில்லை. 403 என்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தையே தடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சேலத்தைத்தான் கூப்பிட வேண்டும். எண்ணே இல்லையென்றால் பெரும்பாலும் ப்ராக்ஸி வரைக்கும் போய்ச் சேரவில்லை. முதலில் மலையில் உங்கள் லைனைப் பாருங்கள். பயனருக்குக் காட்டும் செய்தியிலும் இதையே எழுதுங்கள்: எங்கே நின்றது, யாரைக் கேட்பது. பாஸ்வேர்டு மட்டும் செய்தியிலோ லாகிலோ தெரியக் கூடாது.

எஸ்எஸ்எல்எர்ரர் வந்தால், ப்ராக்ஸி தன் சொந்தச் சர்டிபிகேட்டை நுழைக்கிறதா என்று விசாரியுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் தன்னோடு வரும் சர்டிபிகேட் பட்டியலைத்தான் நம்பும், விண்டோஸின் பட்டியலை அல்ல. அலுவலகச் சர்டிபிகேட் கோப்பை வாங்கி அதன் பாதையைக் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள், இறக்குவது மென்பொருள், நடுவில் யாராவது மாற்றினால் கணினியே போய்விடும்.

ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. இணைவதற்கு 10 நொடி, தரவுக்காகக் காத்திருக்க 60 நொடி என்று நீங்களே வையுங்கள். பாதியில் அறுந்தால் ‘ரேஞ்ச்’ கேட்டு மிச்சத்தை இறக்கலாம்: 206 வந்தால் கோப்பின் முடிவில் சேருங்கள், 200 வந்தால் முழுக் கோப்பும் முதலிலிருந்து வருகிறது, பழையதை அழித்துவிடுங்கள். முடிந்ததும் தயாரிப்பாளர் கொடுத்த ‘ஷா-256’ எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவுங்கள்.