நடுகல் மரபும் காப்பிய ஆக்கமும்: செங்கம் நடுகற்களை முன்வைத்துச் சிலப்பதிகார வஞ்சிக்காண்டம்

ஆய்வுச்சுருக்கம்

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் சேரன் செங்குட்டுவனின் வடதிசை வெற்றியைப் போற்றும் பகுதியாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அக்காண்டத்தின் அமைப்பிற்கு அடித்தளமாக உள்ளது நடுகல் மரபாகும். திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் பகுதி நடுகற்களோடு அதனை ஒப்பிட்டு, காப்பியம் அம்மரபில் எதனை ஏற்றது, எதனை மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், வஞ்சிக்காண்டம், கரந்தை, செங்கம், வேடியப்பன்

முன்னுரை

தமிழ்க் காப்பியங்கள் வடமொழிக் காப்பிய இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடப்படுவதுண்டு. அவ்வளவுகோலில் வஞ்சிக்காண்டம் கதைமுடிவிற்குப் பின் ஒட்டப்பட்ட பகுதியாகத் தோன்றக்கூடும். கோவலன் கொலையுண்டான்; பாண்டியன் உயிர்நீத்தான்; மதுரை எரிந்தது. இதன் பின்னும் ஏழு பகுதிகள் எதற்கு என்னும் வினா எழுகிறது. இதற்கான விடையைத் தமிழ்ப் புறத்திணை மரபிலும், அம்மரபின் கண்கூடான சான்றுகளாகிய நடுகற்களிலும் தேடுவது பொருத்தமாகும்.

இலக்கணமும் காதைப் பெயர்களும்

தொல்காப்பியப் புறத்திணையியல், காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் வழிபாட்டின் ஆறு நிலைகளை வெட்சித்திணையின் பகுதியாக உரைக்கிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலுமே அத்திணையின் களம். வஞ்சிக்காண்டத்தின் ஏழு பகுதிகளுள் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என ஐந்து இவ்வரிசையிலேயே பெயர் பெற்றுள்ளன. பெரும்படை தனிக் காதையாக அமையவில்லை. எனினும் நடுகற் காதையில் இடம்பெறும் கோட்ட அமைப்பும் வழிபாட்டு ஏற்பாடுகளும் அந்நிலையின் பணியை நிறைவு செய்கின்றன. ஆகவே வஞ்சிக்காண்டத்தின் கட்டமைப்பு, கல்லெடுப்புச் சடங்கின் கட்டமைப்பே எனலாம்.

செங்கம் வட்டாரச் சான்றுகள்

திருவண்ணாமலைக்கு மேற்கே அமைந்த செங்கம், பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் நன்னனின் செங்கண்மா ஆகும். 583 அடிகளைக் கொண்ட அவ்வாற்றுப்படை, நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் வழியில் பெயர் பொறித்த நடுகற்களைக் காண்பர் என்றும், அவற்றை இசையால் வழிபட்டுச் செல்லவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. இலக்கியம் கூறிய அந்நிலப்பகுதியிலேயே பல்லவர் காலம் முதலான நடுகற்கள் ஏராளமாகக் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டு இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது.

வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. மன்னனின் ஆட்சியாண்டு முதலிலும், பகுதித் தலைவன் பெயர் அடுத்தும் வரும். தொறுக் கொண்டது அல்லது மீட்டது முதலிய நிகழ்ச்சி அதனைத் தொடரும். இறுதியில் வீரன் பட்ட செய்தி கூறப்பெறும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், வாணர் குலத் தலைவரைச் சார்ந்த பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி பட்டதைக் கூறுகிறது. உடனிருந்து கள்வர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அது மறவாமல் பதிவு செய்கிறது. மன்னன் பெயர் இங்குக் காலத்தைக் குறிக்கவே பயன்படுகிறது. நினைவுகூரப்படுவோர் ஊரைக் காத்த எளிய வீரனும் அவன் நாயுமே.

கல்வெட்டு நிகழ்ச்சியைக் கூறுகிறது. கல்லைத் தேர்ந்ததையோ நீராட்டியதையோ கூறுவதில்லை. அச்சடங்கை இலக்கணம் பெயரளவில் சுட்ட, காப்பியம் விரித்துரைக்கிறது. எனவே இம்மூன்றும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் சான்றுகளாகின்றன.

காப்பியம் செய்த மாற்றங்கள்

சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லும் ஆகோளைக் குறிப்பிடுதலின், மரபின் தொன்மை உறுதிப்படுகிறது. அத்தொன்மரபில் காப்பியம் மூன்று மாற்றங்களைச் செய்கிறது.

முதலாவது, நினைவுகூரப்படுபவர் பற்றியது. களத்தில் பட்ட ஆடவனுக்குரிய கல், படைக்கலம் ஏந்தாத வணிகர் குலப் பெண்ணுக்கு உரியதாகிறது. அவள் எதிர்கொண்டது பகைவரின் படையை அன்று. அரசின் தவறிய தீர்ப்பை. மறத்திற்கு உரிய சிறப்பு இங்கு நீதி கேட்டலுக்கு வழங்கப்படுகிறது.

இரண்டாவது, கல்லின் இடம் பற்றியது. ஊர்ப்புறத்துக் கல் போதுமாயிருந்த மரபில், பொதியிற் கல்லைக் காவிரியில் நீர்ப்படுத்துவதும் தன் குடிக்குச் சிறப்பன்று எனச் செங்குட்டுவன் கருதுகிறான். இமயக் கல்லையும் கங்கை நீரையும் நாடுகிறான்.

மூன்றாவது, போருக்கும் கல்லுக்கும் உள்ள உறவு பற்றியது. செங்கத்தில் பூசலின் விளைவாகக் கல் எழுகிறது. வஞ்சிக்காண்டத்திலோ கல்லின் பொருட்டே போர் எழுகிறது. அக்கல் கனக விசயரின் முடித்தலையில் ஏற்றப்படுகிறது. ஓர் அநீதியின் நினைவுச்சின்னம் மற்றொரு வன்முறைக்குக் காரணமாகும் இம்முரணைக் காப்பியம் அறியாததன்று. நடுகற் காதையில் மாடலன் செங்குட்டுவனின் சினத்தைத் தணிக்கிறான். சிறைப்பட்ட ஆரிய மன்னர் விடுவிக்கப்படுகின்றனர். ஆதலின் இக்காண்டத்தை வெற்றிப் புகழ்ச்சியாக மட்டும் கொள்வது நிறைவான வாசிப்பாகாது.

வரந்தருதலும் வேடியப்பனும்

இலக்கணத்தின் ஆறு நிலைகளும் வாழ்த்தலோடு முடிகின்றன. காப்பியம் வரந்தரு காதையாக மேலும் ஒரு படி செல்கிறது. போற்றப்பட்டவள் போற்றியோர்க்கு வரம் தருகிறாள். இது புலவரின் கற்பனை மட்டுமன்று என்பதற்குத் திருவண்ணாமலை, தருமபுரி வட்டாரங்களின் இன்றைய வழிபாடு சான்றாகிறது. இங்குள்ள நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் காவல் தெய்வமாக வணங்கப்படுகின்றன. கல்லிலுள்ள வீரனின் பெயரும் எழுத்தும் மறக்கப்பட்ட இடத்தும், அவனிடம் காவல் வேண்டும் வழக்கம் நீடிக்கிறது.

முடிவுரை

வஞ்சிக்காண்டம் நடுகல் சடங்கைக் கட்டமைப்பாகக் கொண்டு, அதன் உரிமையை வீரனிடமிருந்து பத்தினிக்கு மாற்றிய ஆக்கமாகும். செங்கம் நடுகற்கள் பல்லவர் வரலாற்றிற்கு மட்டுமன்றி, காப்பியத் திறனாய்விற்கும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை. சந்தனமும் மஞ்சளும் எண்ணெயும் படிந்து எழுத்து மறையும் கற்களை, வழிபடுவோரின் உரிமைக்கு இடையூறின்றி மைப்படி எடுத்தும் ஒளிப்படமாக்கியும் ஆவணப்படுத்துவது உடனடித் தேவையாகும். அவற்றின் எழுத்தோடு, அவை பெறும் வழிபாட்டு முறைகளும் சேர்த்துப் பதிவு செய்யப்படின், தொல்காப்பியம் கூறும் பெரும்படை, வாழ்த்தல் ஆகிய நிலைகளுக்குக் களச்சான்று கிட்டும்.