தம்பின்னா யாரு? அண்ணாவின் கடிதங்களை வாசிக்க ஒரு வழி

இந்த இதழுக்கு பிளேஸ்மென்ட் அனுபவம் எழுதித் தரேன்னு எடிட்டர் டீம்கிட்ட சொல்லியிருந்தேன். அது அடுத்த மாசம். இப்போ நாம பார்க்கப் போறது அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதின கடிதங்கள். பயந்து ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எல்.கே.ஜி.யில இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், சினிமா டைட்டில் படிப்பேன். ஒரு முழுப் பக்கத்தைத் தமிழ்ல வாசிக்கச் சொன்னா வேர்த்துடும். உங்கள்ல பாதிப் பேர் இதே நிலைமைதான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எழுதறேன்.

எங்க ஊர் அவிநாசிபாளையம். அவிநாசி இல்லைங்க, அது வேற. திருப்பூர்ல இருந்து தாராபுரம் போற ரோட்டுல இருக்கு. அங்க என் அம்மாவோட அப்பா, எங்க அப்புச்சி, எண்பது தாண்டினவர். திருப்பூர் பனியன் கம்பெனியில டெய்லரா இருந்தவர். அவர்கிட்ட ஒரு டிரங்குப் பெட்டி. அதுக்குள்ள 'காஞ்சி'ங்கிற வார இதழோட பக்கங்கள், கோணி ஊசியால, கம்பெனி கோன் நூலைக் கோத்து, தைச்சு வெச்ச கட்டுகள். போன செமஸ்டர் லீவுல ஒரு கட்டை எடுத்து என் கையில குடுத்து, "எனக்குக் கண்ணு தெரியமாட்டேங்குது. படிச்சுக் காட்டு கண்ணு" என்றார்.

படிச்சேன். மூணாவது வரியிலேயே தடுக்கி விழுந்தேன். ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா முடியவே மாட்டேங்குது. கமா, கமா, கமான்னு போய்ட்டே இருக்கு. அப்புச்சி ஒண்ணும் சொல்லல. நான் நிறுத்தின இடத்துல அடுத்த சொல் என்னவா இருக்கும்னு அவரே எடுத்துக் குடுத்தார். பாதி சமயம் அதுவே சரியா இருந்துச்சு. பி.இ. நாலாவது வருஷம் படிக்கிற எனக்கு, எட்டாவதோட நின்ன மனுஷன் தமிழ் எடுத்துக் குடுக்கறார். அன்னைக்குச் சாப்பாடு சரியா இறங்கலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அண்ணாதுரையை நாம முதலமைச்சரா, சிலையா, பஸ் ஸ்டாண்ட் பேரா தெரிஞ்சு வெச்சிருக்கோம். 1909-இல் காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர், பச்சையப்பன் கல்லூரியில பொருளாதாரம் எம்.ஏ. படிச்சவர். அவர் நாவலாசிரியரும்கூட: 'பார்வதி பி.ஏ.', 'ரங்கோன் ராதா', 'கலிங்க ராணி'. இதுல 'ரங்கோன் ராதா' 1956-இல் சினிமாவாவும் வந்துச்சு. நம்ம ஏரியாவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1930-களின் நடுவுல, பரீட்சை முடிச்ச இளைஞரா அவர் பெரியாரை முதன்முதல்ல சந்திச்சது திருப்பூர்ல நடந்த ஒரு மாநாட்டுல. 1953-இல் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்காம தவிச்சப்போ, திருச்சி வீதியில துணியைத் தோள்ல போட்டு வித்திருக்கார்.

1942-இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1949-இல் தி.மு.க. ஆரம்பிச்சாச்சு. 1955-ல இருந்து அந்த இதழ்ல 'தம்பி'ன்னு கூப்பிட்டுக் கடிதம் எழுத ஆரம்பிக்கிறார். அப்புறம் 'காஞ்சி' இதழ்ல தொடர்ந்தது. மொத்தம் கிட்டத்தட்ட முந்நூறு கடிதங்கள். கடைசியில 'அண்ணன், அண்ணாதுரை'ன்னு கையெழுத்து.

இந்தத் தம்பி யாரு? பேர் கிடையாது, ஊர் கிடையாது. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்ச பாஷையில சொன்னா, பாக்கெட்ல எழுதியிருக்கிற அட்ரஸ் யூனிகாஸ்ட், ஆனா போய்ச் சேர்றது பிராட்காஸ்ட். 'தோழர்களே, பெரியோர்களே'ன்னு ஆரம்பிச்சா அது மேடைப் பேச்சு, பத்தாயிரம் பேர்ல ஒருத்தனா நின்னு கேட்கலாம். 'தம்பி, நீ'ன்னு ஆரம்பிச்சா ஒளிஞ்சுக்க இடமில்ல. அப்புச்சி சொன்னது: அவர் சின்னப் பையனா இருந்தப்போ ஊர் சலூன்ல ஒருத்தர் இதழை வாய்விட்டுப் படிப்பார், முடிவெட்ட வந்தவங்க, சும்மா வந்தவங்க எல்லாரும் கேட்பாங்க. அதுல பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "ஆனா ஒவ்வொருத்தனும் தனக்குத்தான் கடுதாசி வந்திருக்குன்னு நெனச்சுக்குவான்" என்றார்.

இதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் அந்த முடியாத வாக்கியங்கள் எனக்குப் பிடிபட்டுச்சு. அது கண்ணுக்காக எழுதினது இல்லை, காதுக்காக எழுதினது. நீங்களே சோதிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள படிச்சா நாலாவது கமாவுல தொலைஞ்சு போவீங்க. வாய்விட்டுப் படிச்சா, மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் சரியா ஒரு கமா நிக்கும். நடுநடுவுல 'தம்பி!'ன்னு ஒரு விளி வருதே, அது சும்மா பாசத்துக்கு இல்லை. பெரும்பாலும் அந்த இடத்துலதான் பேச்சு திரும்பும். ரோம், கிரீஸ், இங்கிலாந்து பார்லிமென்ட்னு எங்கேயோ போய்ட்டிருந்த கதை, அந்த விளிக்கு அப்புறம் நம்ம ஊர் தேர்தலுக்கு வந்து நிக்கும். நமக்குப் பத்தி பிரிக்கிறது எப்படியோ, பக்கத்தைப் பார்க்காம கேட்டுட்டு இருக்கிறவங்களுக்கு அந்த விளி அப்படி.

அடுக்குமொழி சில இடத்துல எனக்கு அலுத்துப் போச்சு, மறைக்கல. ஒரே எழுத்துல தொடங்குற நாலு சொல் வரிசையா வந்தா அஞ்சாவதுக்கு முன்னாடியே கொட்டாவி வருது. 1957 தேர்தல்ல யார் யாரைத் திட்டினாங்கங்கிற பகுதிகளும் அப்படித்தான், அந்தக் காலத்து ஆளுங்க தெரியலேன்னா புரியாது. தள்ளிட்டுப் போங்க, ஒண்ணும் தப்பில்ல.

இப்போ இதை வேற ஒருத்தரோட வெச்சுப் பார்க்கணும். நாவலும் எழுதி, நாட்டோட ஆட்சித் தலைமைக்கும் வந்தவங்க உலகத்துலயே கொஞ்சப் பேர்தான். இங்கிலாந்துல பெஞ்சமின் டிஸ்ரேலி அப்படி ஒருத்தர், 1804-இல் பிறந்து 1881-இல் இறந்தவர். 'கோனிங்ஸ்பி', 'சிபில்' மாதிரி நாவல்கள் எழுதினவர், ரெண்டு தடவை பிரதமர். அவரும் கடிதம் எழுதிக் குவிச்சவர். அக்கா சாராவுக்கு எழுதினது, தோழிகளுக்கு எழுதினது, கட்சிக்காரங்களுக்கு எழுதினதுன்னு அது ஒரு கடல். எல்லாம் அந்தரங்கக் கடிதங்கள், மூடின உறைக்குள்ள போனவை. அவர் இறந்த பிறகு, அக்காவுக்கு எழுதின கடிதங்களை 1885, 1886-இல் ரால்ஃப் டிஸ்ரேலி புத்தகமாக்கினார். அவர் யார்னா டிஸ்ரேலியோட தம்பி! அந்தத் தம்பி என்ன பண்ணினார்னா, வேண்டாததை வெட்டினார், வேற வேற தேதிக் கடிதங்களை ஒட்டி ஒண்ணாக்கினார். உண்மையான கடிதங்களைத் தேடிப் பிடிச்சு, தேதி போட்டு, ஒழுங்கா வெளியிட கனடாவுல குயின்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு திட்டமே நடத்த வேண்டியதாச்சு. 1982-ல இருந்து 2014 வரைக்கும் பத்துத் தொகுதி வந்தும், 1868 வரைக்கும்தான் எட்ட முடிஞ்சது.

அண்ணாவோட கடிதங்களுக்கு அந்தக் கதி வரலை. எழுதின வாரமே அச்சாகி ஊர் ஊரா போயிடுச்சு. காஞ்சிபுரத்துல ஒரு பெட்டி காணாமப் போனாலும், அவிநாசிபாளையத்துல ஒரு டெய்லரோட டிரங்குப் பெட்டியில ஒரு பிரதி இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க இதுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க, நான் மெக்கானிக்கல்.

இதுல எழுதினவருக்கே ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. ஊருக்கெல்லாம் போன கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. 1963-க்கு முன்னாடி தனி திராவிட நாடு கேட்டார். அந்த வருஷம் பிரிவினைக்கு எதிரா அரசியல் சட்டத் திருத்தம் வந்தப்போ, கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுச்சு. கேட்டப்போ எழுதினதும் இருக்கு, விட்டதுக்கு அப்புறம் எழுதினதும் இருக்கு. ஒரே 'தம்பி'க்கு. சரியா தப்பாங்கிற விவாதத்தை ஹாஸ்டல் ரூம்ல வெச்சுக்கோங்க. தேதி வரிசையில படிச்சீங்கன்னா, ஒரு அரசியல்வாதி தன் மனசு மாறினதைத் தன்னை நம்பினவன்கிட்ட எப்படிச் சொல்றார்னு நேராப் பார்க்கலாம். டிஸ்ரேலிக்கு ஒரு ரால்ஃப் இருந்தார், வெட்டிக் குடுக்க. இவருக்கு அந்த வசதி இல்லை.

எங்க இருந்து ஆரம்பிக்கலாம்? சிறைக் கடிதங்கள்ல இருந்து ஆரம்பிங்க. 1963 நவம்பர்ல, அரசியல் சட்டத்தோட ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தும் போராட்டத்துக்காகக் கைதானார். ஆறு மாதச் சிறை. அங்க எழுதி வெச்ச நாட்குறிப்பு, கடித வடிவத்துல வந்து, 'கைதி எண் 6342'ங்கிற பேர்ல புத்தகமாவும் இருக்கு. மேடை வேகம் இதுல குறைவு, வாக்கியமும் நம்ம மூச்சுக்கு அடங்கும். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அதனால இணையத்துல இலவசமாவே கிடைக்கும். லைப்ரரியில தேடினா ஒரு எச்சரிக்கை: மு.வரதராசனும் 'தம்பிக்கு'ன்னு கடித வடிவத்துல ஒரு புத்தகம் எழுதியிருக்கார். அதுவும் நல்ல புத்தகம்தான், ஆனா அது வேற.

ஒரு நாளைக்கு ஒரு கடிதம், கதவைச் சாத்திக்கிட்டு, சத்தமா. ரூம்மேட் சிரிப்பான், சிரிக்கட்டும். எனக்கு முதல் கடிதம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. லீவு முடியும்போது இருபது நிமிஷத்துக்கு வந்திருந்தேன், அப்புச்சி எடுத்துக் குடுக்கறதும் குறைஞ்சிருந்துச்சு.

கடைசிக் கடிதம் 1969 பொங்கலுக்கு 'காஞ்சி'யில வந்தது. உடம்பு ரொம்ப முடியாம இருந்தப்போ எழுதினது. பிப்ரவரி 3-ஆம் தேதி இறந்துட்டார். அது அப்புச்சியோட கட்டுல கடைசியா இருக்கு, எடுத்து நீட்டினேன். "இது வேண்டாம் கண்ணு, மொதல்ல இருந்து வா" என்றார். திரும்ப 1964-க்குப் போனோம். ஏழு கடிதம் முடிஞ்சிருக்கு. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போறேன்.