இளையவர் முன் முதியவர்

வயதில் இளையவர் முன் அமர்ந்து கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. கல்லால மரத்தின் கீழ் குருவாக வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி இளைஞர். அவர் திருமுன் மௌனமாய் அமர்ந்திருக்கும் சீடர்களோ முதியவர்கள். சுவாமிமலையில் தந்தையே மகனிடம் உபதேசம் கேட்கிறார். ஆயினும் இக்காட்சிகளில் ஒரு வசதி உண்டு: பொருள் சொல்ல வல்லவர் அந்த இளையவரே. பணியிடத்தில் நிலைமை அப்படியன்று. முப்பது ஆண்டுகள் ஒரு கலையில் தோய்ந்தவருக்கு, அதில் அவ்வளவு தோய்வில்லாத இளையவர் ஒருவர் தலைவராக வந்து அமர்கிறார். புராணம் நேரடியாக வழி சொல்லாத இடம் இது.

கணக்கு எழுதுபவரின் பிழையைத் திருத்தினால் கணக்கு மட்டுமே திருந்துகிறது. பாடல் புனைபவரின், ஓவியம் தீட்டுபவரின், எழுத்தாளரின் படைப்பில் ஒரு வரியை நீக்கினாலோ அவரையே தொட்டதுபோல் இருக்கிறது. ஊதியம் குறைந்தாலும் பொறுப்பார். ‘இது வேண்டாம், வேறு செய்யுங்கள்’ என்ற சொல்லைப் பொறுப்பது கடினம். அதுவும் தம் பிள்ளை வயதினர் சொன்னால்?

மைசூர் வாசுதேவாச்சாரியாரின் வாழ்க்கையை இந்நோக்கில் சிந்திப்பது பயன் தரும். 1865இல் மைசூரில் பிறந்த அவர், வடமொழியும் இசையும் கற்றார். மன்னர் சாமராஜ உடையாரின் ஆதரவால் திருவையாறு சென்று பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்தார். ‘வாசுதேவ’ என்ற முத்திரையுடன் தெலுங்கிலும் வடமொழியிலும் அவர் இயற்றிய கீர்த்தனைகள் பல. கமாஸ் ராகத்தில் அமைந்த ‘ப்ரோசேவாரெவருரா’வை அறியாத கர்நாடக இசை ரசிகர் அரியர். 1935இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

இளைய தலைவர்கள் அவருக்கு மைசூரிலேயே வாய்த்தார்கள். கிருஷ்ணராஜ உடையார் அவரைவிட ஏறத்தாழ 19 வயது இளையவர். 1940இல் ஜயசாமராஜ உடையார் அரியணை ஏறியபோது மன்னருக்கு வயது 21, வித்வானுக்கு 75. எனினும் இதை நாம் பெரிதாகக் கருத வேண்டியதில்லை. அரியணைக்கு வயது கிடையாது. சிறுவன் அமர்ந்தாலும் அது அரியணைதான். அங்கே பணிவது பழக்கம்.

உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. 1950களில் வாசுதேவாச்சாரியார் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேலின் கலாக்ஷேத்திராவில் பணியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 85க்கு மேல். ருக்மிணி தேவி பிறந்தது 1904இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1902இல், வாசுதேவாச்சாரியாரின் குருநாதர் காலமாகியிருந்தார்! இங்கே அரியணையும் இல்லை, பரம்பரை உரிமையும் இல்லை. தாமே 1936இல் நிறுவிய ஒரு நிறுவனத்தின் தலைவி அவர், அவ்வளவே.

பணி என்ன? வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைப்பதற்கு இசை. முதல் நாடகமான ‘சீதா சுயம்வரம்’ 1955இல் மேடையேறியது. கச்சேரியில் பாடகரே அரசர். பிடித்த இடத்தில் நின்று நிரவல் செய்யலாம், ராகத்தை விரிக்கலாம். நாட்டிய நாடகத்தில் அது இயலாது. ஒரு பாத்திரம் மேடைக்குள் நுழைந்து நடுவே வரும் வரையில்தான் அந்த ராகத்திற்கு ஆயுள். எந்தச் சுலோகம் நிற்கும், எது குறையும் என்பதை முழு நாடகத்தையும் மனத்தில் கண்டவரே முடிவு செய்ய இயலும். அந்த முழுக்காட்சி ருக்மிணி தேவியினுடையது. ராகம் எது, வால்மீகியின் சொல்லுக்கு அது பொருந்துமா என்ற அறிவு வாசுதேவாச்சாரியாருடையது.

தலைமை என்பது அதிக அறிவுக்குக் கிடைக்கும் பரிசு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதனால்தான், ‘இவனுக்கு என்ன தெரியும்?’ என்று மனம் புழுங்குகிறது. அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் பார்க்க வேண்டியது வேறு. நாம் அறிந்தது வேறு. சொல்ல வேண்டியதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, முடிவை உரியவரிடம் விடுவது அடிமைத்தனமாகாது. சொல்லாமலே உள்ளுக்குள் கசந்திருப்பதுதான் கலையையும் கெடுக்கிறது, ஆளையும் கெடுக்கிறது.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. முதியவரிடம் வேலை வாங்கும் தகுதி ருக்மிணி தேவிக்கு எங்கிருந்து வந்தது? அவர் 1935இல் முதன்முதலாகப் பரதம் ஆடியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் 1869இல் பிறந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவியாக நின்றவர் அவர். தமக்குத் தெரியாததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பெற்றுப் பழகிய இளையவருக்கே அவர்களை வழிநடத்தும் பக்குவமும் வாய்க்கிறது என்பது என் எண்ணம். இன்றைய இளம் அன்பர்கள், தம் கீழ்ப் பணிபுரியும் மூத்தவரிடம் இந்த வாரம் எதையேனும் கற்றுக்கொண்டோமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

வாசுதேவாச்சாரியாருக்கு 1959இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1961 மே மாதம், 96 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது அவர் மறைந்தார். ஆறு நாடகங்களுள் நான்கிற்கு அவர் இசையமைத்திருந்தார். எஞ்சிய இரண்டிற்கும் அவருடைய பேரன் ராஜாராம் இசையமைத்தார். கடைசி நாடகமான ‘மகாபட்டாபிஷேகம்’ 1970இல் மேடையேறியபோது ருக்மிணி தேவிக்கு வயது 66. இம்முறை இருவரில் முதியவர் அவரே.