திரையைப் பார்க்காதவருக்கு எழுதுவது

அன்புள்ள தங்கைக்கு,

நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவை ஏஐ ஏஜென்ட் இயக்குவதற்காக நீ செய்திருக்கும் கருவிப் பட்டியலைப் படித்தேன். நிரல் சுத்தமாக இருக்கிறது. கருவிகளுக்கு நீ எழுதியிருக்கும் விளக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'ஒலியளவை மாற்றும்', 'சீனை மாற்றும்', 'ஸ்ட்ரீமை டாகிள் செய்யும்' என்று இரண்டு மூன்று சொற்களில் முடித்துவிட்டாய். ஓபிஎஸ் திரை எதிரே இருப்பதால் உனக்கு அது போதும். ஏஜென்ட்டுக்கு அந்தத் திரையும் தெரியாது, உன் நிரலும் தெரியாது. ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவியைப் பற்றி அதற்குப் போய்ச் சேர்வது முக்கியமாக மூன்று: பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வரையறை. எதை அழைப்பது, என்ன மதிப்பு கொடுப்பது என்பதை இவற்றை வைத்தே அது தீர்மானிக்கிறது. அதனால் உனக்குத் திரை சொல்வதையெல்லாம் விளக்கம் அதற்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒலியளவு. 2022இல் வந்த 28ஆம் பதிப்பு முதல் ஓபிஎஸ்ஸுடனேயே, அதை வெளியிலிருந்து இயக்க உதவும் வெப்சாக்கெட் வசதியும் வருகிறது. அதில் ஒலியளவை இரண்டு விதமாகக் கொடுக்கலாம்: 0 முதல் 20 வரையிலான பெருக்கெண், அல்லது -100 முதல் 26 வரையிலான டெசிபெல். நீ 'வால்யூம்' என்று மட்டும் எழுதி, வரும் எண்ணை அப்படியே பெருக்கெண்ணாக அனுப்புகிறாய். ஸ்ட்ரீமர், "பாட்டை இருபது சதவீதத்துக்குக் குறை" என்கிறார். ஏஜென்ட் 20 என்று கொடுக்கிறது. எல்லைக்குள் இருப்பதால் ஓபிஎஸ் அதை மறுக்காது. 0.2 ஆக வேண்டியது 20 மடங்காகிறது, அதாவது 26 டெசிபெல் கூடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்களின் காது என்னவாகும், யோசித்துப் பார்.

இப்படி எழுதலாம்: 'ஓர் ஆடியோ இன்புட்டின் ஒலியளவை டெசிபெல்லில் அமைக்கும். 0 என்பது மாற்றப்படாத அளவு. எதிர்மறை எண் ஒலியைக் குறைக்கும். -60 முதல் 0 வரை கொடுக்கலாம். சதவீதம் கொடுக்கக் கூடாது. ஒலியை முழுவதும் அடக்க மியூட் கருவியைப் பயன்படுத்தவும்.' அலகு, எல்லை, எண்ணின் பொருள், எப்போது வேறு கருவிக்குப் போக வேண்டும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. விளக்கத்தில் சொன்ன எல்லையை உள்ளீட்டு வரையறையிலும் போடு. சொல்லை மீறினாலும் வரையறை தடுக்கும். வரும் டெசிபெல் மதிப்பைப் பெருக்கெண்ணாக மாற்ற வேண்டியதில்லை. டெசிபெல்லாகவே ஓபிஎஸ்ஸுக்கு அனுப்பு.

அடுத்தது டாகிள், அதாவது ஒரே கருவி நேரலையைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்வது. மனிதர் பட்டனைப் பார்த்துவிட்டு அழுத்துகிறார். ஏஜென்ட்டோ, பதில் வரத் தாமதமானால் அதே கருவியை மறுபடி அழைக்கக்கூடும். முதல் அழைப்பில் தொடங்கிய நேரலை இரண்டாவதில் நின்றுவிடும். தொடங்குவதற்கு ஒரு கருவி, நிறுத்துவதற்கு ஒரு கருவி என்று பிரித்துவிடு. ஓடிக்கொண்டிருக்கும் நேரலையைத் தொடங்கச் சொன்னால் ஓபிஎஸ் 500 என்ற பிழை எண்ணைத் தரும், நேரலைக்குச் சேதமில்லை.

சீன் விஷயத்தில் குழப்பம் வேறு. ஸ்டூடியோ மோடில் பிரிவ்யூ, புரோகிராம் என்று இரண்டு உண்டு. பிரிவ்யூ ஸ்ட்ரீமருக்கு மட்டும். புரோகிராம் பார்வையாளர்களுக்குப் போவது. 'சீனை மாற்றும்' என்பது எதை மாற்றும்? 'பார்வையாளர்கள் காணும் சீனை உடனே மாற்றும்' என்று எழுது. பிரிவ்யூ கருவியில் 'பார்வையாளர்களுக்கு எதுவும் மாறாது' என்று சேர். அதுபோல, ஒரு சீனில் உள்ள கேமராவை மறைக்க அந்த உருப்படியின் எண் வேண்டும். அதே கேமரா வேறு சீனில் இருந்தால் எண்ணும் வேறாக இருக்கலாம். 'எண்ணை ஊகிக்காதே, உருப்படிப் பட்டியல் கருவியை முதலில் அழை' என்ற ஒரு வரி பல தவறுகளைத் தடுக்கும்.

நேரலையை நிறுத்தும் கருவிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 'முடிச்சுக்கலாம்' என்று ஸ்ட்ரீமர் சொன்னால் ரெக்கார்டிங்கையா, நேரலையையா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு விளக்கங்களிலும் எழுது. சந்தேகமிருந்தால் கேட்கச் சொல். பாதகமான செயல் என்று குறிக்க எம்சிபியில் இடமுண்டு, ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு அல்ல. உறுதிப்படுத்தும் படியை நிரலிலேயே வை.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் தொடர்ச்சிதான். 'சீன் கிடைக்கவில்லை' என்று நிறுத்தாதே. 'இடைவேளை என்ற சீன் இல்லை. இருப்பவை: தொடக்கம், விளையாட்டு, முடிவு' என்று திருப்பி அனுப்பு. அடுத்த அழைப்பை ஏஜென்ட் சரியாகச் செய்யும்.

இதற்காக ஓபிஎஸ் கையேட்டையே விளக்கத்தில் கொட்டிவிடாதே. எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் மாடலின் நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெப்சாக்கெட் 4455ஆம் போர்ட்டில் இயங்குவது உனக்கு வேண்டிய செய்தி, ஏஜென்ட்டுக்கு வேண்டாதது. அழைப்பின் முடிவை மாற்றாத வரியை நீக்கிவிடு.

எழுதி முடித்ததும் ஸ்ட்ரீமர்கள் பேசும் மொழியிலேயே சில கட்டளைகளைக் கொடுத்துப் பார்: 'கேமராவை மறை', 'மைக்கை ஆஃப் பண்ணு', 'பாட்டைக் கொஞ்சம் குறை'. ஸ்ட்ரீம் கீ இல்லாத சோதனை புரொஃபைலில் செய். ஏஜென்ட் தவறான கருவியை எடுத்தால் மாடலைக் குறை சொல்லும் முன், எந்தச் சொல் அதை அங்கே அனுப்பியது என்று தேடு. பெரும்பாலும் நீ எழுதாமல் விட்ட சொல்லாகவே இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு மறுபடி சோதி.

அன்புடன்,
அண்ணன்