பாயிண்ட் டூ டூ எத்தனை மில்லிமீட்டர்?

திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இஞ்ச் கணக்கு புதிதில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓடும் ஊர். ஆறரை இஞ்ச் போர் என்றால் துளையின் குறுக்களவு என்று எட்டாவது படிக்கும் பையனே சொல்லிவிடுவான். என்.சி.சி. மாணவர்களுக்குத் துப்பாக்கி அளவைச் சொல்லித்தரும்போது நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். காலிபர் என்பதும் குழலின் உள்துளை அளவுதான்.

பயிற்சியில் அவர்கள் சுடுவது பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலம். அங்குலத்துக்கு 25.4 மி.மீ. பெருக்கினால் 5.6 மி.மீ. வரும். இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட 10 மீட்டர் ஏர் ரைபிளின் அளவு 4.5 மி.மீ. பெல்லட் டப்பாவில் .177 என்று போட்டிருந்தாலும் அதே அளவுதான். வீட்டுக்கு ஏர் ரைபிள் வாங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளை என்றால் உரிமம் வேண்டும்; .22 ஏர் ரைபிள் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

மி.மீட்டரை அங்குலமாக்க மனக்கணக்கே போதும். நாலால் பெருக்கி நூறால் வகுங்கள். வருவதில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் கழியுங்கள். 9 மி.மீ. முதலில் 0.36 ஆகும், கழித்தால் 0.355. 7.62 மி.மீ. இதே வழியில் 0.300 ஆகிவிடும்.

பன்னிரண்டு போர் போன்ற ஷாட்கன் பெயர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. குழல் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அந்த எண்ணிக்கைதான் பெயர். எண் கூடினால் துளை சிறுக்கும். பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் போட்டியில் பிடிக்கும் 12 போர் 0.729 அங்குலம், 18.5 மி.மீ. 20 போரோ 0.615 அங்குலம்தான்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னாலேயே 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதனால்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கித் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருக்கும் மலையடிவாரத்து வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ரைபிளிலும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. த்ரீ நாட் த்ரீயை (.303) கணக்குப் போட்டால் 7.7 மி.மீ.; ஆனால் அதன் குண்டு 0.311 அங்குலம். குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்து வைத்த பெயர் அது. குண்டோ பள்ளம் வரை நிறைய வேண்டும். தோட்டாவின் நீளம், கூட்டின் வடிவம் எதையும் காலிபர் எண் சொல்லாது.

உரிமப் புத்தகம், குழலில் பொறித்த எழுத்து, தோட்டாவின் அடிப்பகுதி முத்திரை, இந்த மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் சுடுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் காட்டுங்கள்.