ஓய்வுக்குப் பிறகு உலகம் சுற்ற: எந்த வழி யாருக்கு?

பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் வெளிநாட்டு ஆசை வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த நாட்டுக்குப் போகலாம்?’ என்றுதான். அறுபதைத் தாண்டியவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ‘எந்த விதமாகப் போகலாம்?’ என்பது. முட்டிவலி, தூக்கம், மாத்திரை வேளை, வாய்க்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் போகிற விதத்தைப் பொறுத்தவை. பாரிஸை பஸ்ஸில் ஒன்றரை நாளில் பார்த்தவரும் அங்கேயே பதினைந்து நாள் தங்கியவரும் ஒரே ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

நம்மவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: குரூப் டூர், சொகுசுக் கப்பல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீடு, ஒரே ஊரில் வாரக்கணக்கில் தங்குவது. என் சார்பு கடைசி வழிக்குத்தான். ஆனால் எல்லாருக்கும் அது முதல் பயணமாகப் பொருந்தாது.

குரூப் டூர்

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அடைத்து, மறுபடி கிளம்பினார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமாகும்போது இருவரும் 26 நாடுகளைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் போனது டூர் கம்பெனி வழியாகத்தான். வீசா விண்ணப்பம், விமானம் மாறுவது, அறை, ராத்திரிச் சாப்பாடு என்று எதற்கும் நாம் அலைய வேண்டாம் என்பது குரூப் டூரின் பெரிய பலம். வெளிநாட்டு விமான நிலையத்தையே பார்த்திராதவர்களுக்கு முதல் பயணம் இப்படி அமைவதுதான் நல்லது. சைவச் சாப்பாட்டில் கறாராக இருப்பவர்களுக்கும் இது நிம்மதி.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. டூர்க்காரர்கள் பேச்சில் ‘சிக்ஸ், செவன், எயிட்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், ஏழுக்குக் காலைச் சாப்பாடு, எட்டுக்கு பஸ் கிளம்பிவிடும். ஐரோப்பா டூர் என்றால் பல நாட்கள் இப்படித்தான். இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். பழைய ஊர்களில் பஸ் மையப் பகுதிக்குள் போகாது, இறங்கிக் கருங்கல் பாவிய தெருவில் நடக்க வேண்டும். வெனிஸில் கால்வாயைத் தாண்டும் பாலங்களில் பெரும்பாலானவை படி ஏறி இறங்க வேண்டியவை. சுவிட்சர்லாந்தில் பல டூர்கள் கூட்டிப்போகும் யுங்ஃபிராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அந்த ஒரு நாளைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அதனால் அட்வான்ஸ் கட்டும் முன் டூர் அலுவலகத்தில் நாடுகளின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். மொத்த இரவுகள் எத்தனை ஹோட்டல்களில், மிக நீளமான பஸ் பயணம் எத்தனை மணி நேரம், எல்லா ஹோட்டலிலும் லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பத்து இரவுக்கு ஏழு ஹோட்டல் என்றால் அந்த டூர் நாற்பது வயதுக்காரருக்கானது. பத்து இரவுக்கு நான்கு என்றால் தைரியமாகப் போகலாம்.

துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் வரும் விலை ‘ட்வின் ஷேரிங்’, அதாவது ஒரு அறையில் இருவர் என்ற கணக்கு. தனி அறை கேட்டால் கணிசமாகக் கூடும். பெண்களுக்கு மட்டும், மூத்தவர்களுக்கு மட்டும் என்று நடத்தும் டூர்களில் அறைத்தோழி ஏற்பாடு செய்து தருகிறார்கள். கணவர் போன பிறகு ‘இனி எனக்கென்ன ஊர் சுற்றல்’ என்று வீட்டோடு இருந்துவிடும் அம்மாக்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு இந்த வகை டூரை மனதாரச் சொல்வேன். முன்பின் தெரியாத பத்துப் பெண்கள் மூன்றாம் நாள் ஒரே மேஜையில் ஊறுகாய் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு பேசிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விலையோடு, முன்கூட்டிப் பிடிக்கும் வரியாக டிசிஎஸ் என்று ஒரு தொகையும் வசூலிப்பார்கள். அதன் விகிதத்தை பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது போய்விட்ட பணம் இல்லை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் வரியில் கழியும், வரியே இல்லாதவருக்குத் திரும்பி வரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று கணக்கே தாக்கல் செய்யாத பென்ஷன்காரருக்குத்தான் நஷ்டம்.

கப்பல்

பெட்டியை ஒரே ஒருமுறை திறந்து, திரும்பி வரும் நாளில் மூடினால் போதும் என்பது கப்பலின் அழகு. தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் வந்திருக்கும். லிஃப்ட் உண்டு, டாக்டர் உண்டு. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கும் வீல்சேர்க்காரர்களுக்கும் இதுதான் முதல் தேர்வு. ஆனால் ஊருக்குள் கிடைப்பது சில மணி நேரம்தான். கோயிலைப் பார்க்க, சந்தையில் அலைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஏக்கம்தான் மிஞ்சும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. டிக்கெட் விலை போக, தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் சேரும். கப்பல் டாக்டரின் கட்டணம் மிக அதிகம், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறக்கூடாது. சிங்கப்பூரில் ஏறி மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பினால், நாம் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம். பலமுறை நுழைய அனுமதிக்கும் வீசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை வீடு

மகனோ மகளோ அமெரிக்காவில், லண்டனில், டொராண்டோவில் இருந்தால் தங்கும் செலவு மிச்சம். அமெரிக்க சுற்றுலா வீசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி தருவார்கள், எத்தனை நாள் என்பதை நுழையும் இடத்தில் அதிகாரிதான் முடிவு செய்வார். கனடாவில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ‘சூப்பர் வீசா’ உண்டு. அதில் ஒரே முறையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

இதை உலகப் பயணத்தில் சேர்க்கலாமா என்பது நீங்கள் எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய், கார் இல்லாமல் வெளியே போக முடியாத புறநகர் வீட்டில் ஆறு மாதம் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெற்றோர் பலர். கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள்: ‘நாலு மாசம் உங்களோட இருக்கோம். நடுவுல மூணு வாரம் நாங்க ரெண்டு பேரும் தனியா ஊர் பார்க்கப் போறோம். அந்த மூணு வாரத்துக்குக் குழந்தைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கங்க.’ இதைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. செல்லுபடியாகும் அமெரிக்க வீசா கையில் இருந்தால் இந்திய பாஸ்போர்ட்காரருக்கு மெக்சிகோ போகத் தனி வீசா தேவையில்லை. அதே வீசாவைக் காட்டி, துருக்கிக்கு வீட்டிலிருந்தே மின் வீசா எடுத்துவிடலாம். அவ்வளவு தூரம் போன பிறகு இந்த வசதியை ஏன் வீணாக்க வேண்டும்?

ஒரே ஊரில் தங்குவது

சமையலறையுடன் கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட்டை மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர் போலவே இருந்து பார்ப்பது. காலையில் வெயிலுக்கு முன் ஒரு இடம், மதியம் தூக்கம், சாயங்காலம் நடை. உடம்பு சரியில்லையா, அன்றைக்கு எங்கும் போக வேண்டாம். யாரும் பஸ்ஸில் காத்திருக்க மாட்டார்கள். விமானக் கட்டணம் ஒருமுறைதான் என்பதாலும், வாரக்கணக்கில் எடுத்தால் வாடகையைக் குறைப்பார்கள் என்பதாலும், நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் குரூப் டூரைவிட மிகவும் மலிவு.

இந்த வழியில் முதல் அடி வைக்க பினாங்கைச் சொல்வேன். 2026 டிசம்பர் 31 வரை இந்தியருக்கு மலேசியாவில் 30 நாள் வரை வீசா வேண்டாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி இட்லி வாங்கலாம். தண்ணீர்மலை முருகனுக்கு 500 படிகளுக்கு மேல் ஏற வேண்டும், பினாங்கு மலைக்கோ ரயிலில் உட்கார்ந்தபடியே போய் வரலாம். சிகிச்சைக்காக இந்தோனேசியாவிலிருந்து மக்கள் தேடி வரும் தனியார் மருத்துவமனைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. வயதானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கம்போடியாவின் சியாம் ரீப். அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர். அதைத் தொடர்ந்து மூன்று நாள் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் போகலாம். குரூப் டூரில் வருகிறவர்கள் அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்த்து, உச்சிக் கோபுரத்தின் செங்குத்துப் படிகளுக்கு வரிசையில் நின்று, களைத்துப்போய் பஸ் ஏறுகிறார்கள். தங்கியிருப்பவர் அந்தப் படிகளை விட்டுவிட்டு, கீழ்ப் பிராகாரத்தின் கிழக்குப் பக்கம் போகலாம். நிழலான, சமதளமான நடை. சுவரில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறு பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால். கீழே கடலில் மீனும் முதலையும் மத்தின் அருகே வர வரத் துண்டு துண்டாகச் சிதறுவதைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். இதை நின்று பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதையை முன்பின் தெரியாத நாட்டின் கல்லில் படிக்கிற அந்த நேரத்துக்காகவே நான் இந்த வழியைப் பரிந்துரைக்கிறேன்.

ஊர் மாறித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஜப்பான் நல்ல நடுவழி. அங்கே பெட்டியை ஒரு ஹோட்டலில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஹோட்டலில் சேர்த்துவிடுகிறார்கள். கைப்பையோடு ரயில் ஏறினால் போதும். சைவர்கள் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். காய்கறிச் சூப் என்று தருவதிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.

தங்கும் வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கணவன், மனைவி இருவருக்குமே செல்போனில் வரைபடம் பார்க்க, வண்டி கூப்பிட, கார்டில் பணம் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்து, அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் மற்றவர் திண்டாடிப்போவார். அந்தப் பழக்கம் இருவருக்கும் வரும்வரை குரூப் டூரே பாதுகாப்பு.

எதை முதலில், எதைப் பிறகு

கஷ்டமான இடங்களை முதலில் முடித்துவிடுங்கள். இந்திய அரசு நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 70 வயதுதான் உச்ச வரம்பு. பெருவின் குஸ்கோ, திபெத்தின் லாசா போன்ற உயரமான ஊர்கள், ஐரோப்பாவின் படிக்கட்டு நகரங்கள் எல்லாம் 60 முதல் 67, 68 வரைக்குள். அதற்குப் பிறகு தங்கும் பயணங்கள். எழுபத்தைந்தைத் தாண்டினால் கப்பலும், நான்கு மணி நேர விமான தூரத்துக்குள் இருக்கும் நாடுகளும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிங்கப்பூர், துபாய் என்று சுலபமானதில் தொடங்கி, ஐரோப்பாவை எழுபத்திரண்டுக்குத் தள்ளிவைத்து, அங்கே போய் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்த வழியானாலும் சில வேலைகள் பொது. நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சுகர், பி.பி., ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடும் என்று பயந்து மறைத்தால், கிளெயிம் வரும்போது அதையே காட்டி மறுப்பார்கள். பழைய நோய்களுக்குப் பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலையில்தான் பணம் தருகின்றன. அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்.

மாத்திரைகளை ஸ்டிரிப்போடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். குருமாப் பொடியில் கசகசா இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் வெளிநாட்டில் இருக்க நேர்ந்தால், ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று தருவதைக் கிளம்பும் முன் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைப்பதும், ஓடிபி வரும் நம்பருக்கு ரோமிங் போடுவதும் அதே நாளில் முடிக்க வேண்டிய வேலை.

வீசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரக இணையதளத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள். அதற்கும் முன்னால், டூர் அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள், உங்கள் டாக்டரைப் பார்த்து ஒரு நாளில் எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டூர் அட்டவணையைப் படித்தால், நான்கில் எந்த வழி உங்களுடையது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.